செவ்வாய்க்கிழமைகளில் நாலு தலை

என் வயதுக்காரராகிய உங்களில் எத்தனை பேருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வயிற்றுவலி வந்ததோ, எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வந்தது. ஒக்டோபரில் தொடங்கி மாசி மாதம் வரை, செவ்வாய் தவறாமல். புதன்கிழமை காலையில் வகுப்பாசிரியை பெயர் கூப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார். "வயிற்றுவலி" என்பேன். அவர் எதையோ குறித்துக்கொள்வார். வயிற்றில் ஒரு கோதாரியும் இல்லை. நான் கடை வாசலில் வரிசையில் நின்றுவிட்டு வந்திருப்பேன்.

நாங்கள் எண்பதுகளின் பின்பாதியில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியில் வந்து இறங்கிய கூட்டம். இப்போது எல்லாருக்கும் முழங்காலில் பிரச்சினை, எல்லாருக்கும் கண்ணாடி. கலியாண வீடுகளில் கூடினால் முதல் பார்த்த பனி, முதல் தின்ற சொக்கிளேற் என்று இனிக்க இனிக்கக் கதைக்கிறோம். எனக்குக் கேட்க எரிச்சலாக இருக்கிறது. நின்ற வரிசைகளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஆகவே நான் திறக்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது, நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பு முடிய இங்கே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பாசிரியை ஒரு பரிந்துரை எழுதுவார். கிம்னாசியம் என்று எழுதினால் பல்கலைக்கழகம் வரை பாதை திறந்திருக்கும். ஹவுப்ட்சூலே என்று எழுதினால் அஞ்சாறு வருடத்தில் ஒரு தொழிலுக்குப் போக வேண்டியதுதான். என் பக்கத்து மேசைக்காரி கிம்னாசியத்துக்குப் போகிறவள். கால்வாய்க் கரையில் செங்கல் கட்டடம், மேலே பெரிய மணிக்கூடு. அங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து, எந்த யன்னலுக்குக் கீழே என்பதுவரை பேசி வைத்திருந்தோம். அந்தக் குளிர்காலம் எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை. கணக்கில் நான்தான் வகுப்பில் முதலாவது. கிடைக்கும் என்றுதான் நம்பிக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் இருந்தது ரூர் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில். பழைய கட்டடம் ஒன்றை அகதிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஹைம் என்போம். ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி. அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் காசும் தரமாட்டார்கள். அதற்குப் பதிலாக மஞ்சள் தாள் ஒன்று தருவார்கள், மூலையில் ஊதா முத்திரை குத்தி. அதைக் கொடுத்துச் சாமான் வாங்க வேண்டும். அதற்கு ஜெர்மன்காரர் ஒரு நீளப் பெயர் வைத்திருந்தார்கள். அம்மா அதைக் கண்ட அன்றே "கூப்பன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது கூப்பன்தான்.

அந்தக் கூப்பனை நகரத்தில் ஒரேயொரு கடைதான் எடுத்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரைதான். மற்றச் சனத்துக்குக் கடைத்தெருப் பக்கம் கண்ணாடிக் கதவு. எங்களுக்குத் திருப்பத்தில் இருந்த சாமான் இறக்கும் கதவு. அந்தக் கதவிலிருந்து கடைத்தெரு வரை நீண்டு நிற்கும் எங்கள் வரிசை.

எட்டு மணிக்கே போய்விடுவோம். குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறும். எங்கள் உடுப்பெல்லாம் தேவாலயத்தில் பழைய உடுப்புக் கொடுக்கும் அறையில் பொறுக்கியவை. எனக்குக் கிடைத்த கோட்டுக்கு மரக்கட்டைப் பொத்தான்கள், ஒரே பூச்சி உருண்டை மணம். பனி பட்டு நனைந்தால் அந்த மணம் இரண்டு மடங்காகும். அந்தக் கோட்டைப் பிறகு எங்கே விட்டோமோ தெரியாது. கடைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. அதன் கதவு திறக்கும்போதெல்லாம் சூடான பணிஸ் மணம் முகத்தில் வந்து அடிக்கும். பேக்கரியில் கூப்பன் எடுக்கமாட்டார்கள். தம்பி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பான். அம்மா கோட்டுப் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு செபமாலை முடிய நாலைந்து பேர்தான் உள்ளே போயிருப்பார்கள்.

இனித்தான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. சாமான் வாங்க நாலு பேர் எதற்கு? அப்பா ஒருவர் போனால் போதாதா?

போதாது என்பது அம்மாவின் தீர்ப்பு. அவளுக்குப் பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் பாண் தட்டுப்பாடு. பட்டணத்துப் பேக்கரி வாசலில் விடிய முதலே கியூ நிற்குமாம். ஆளுக்கு அரை இறாத்தல் பாண். ஆள் என்றால் நேரில் நிற்கிற ஆள். ஒருவன் தடியோடு வந்து தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போவானாம். ஒருநாள் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் பங்கு வெட்டுப்பட்டது. அன்றைக்கு அவளுடைய தகப்பன் சாப்பிடாமல் இருந்தார். அடுத்த நாள் காய்ச்சல்காரியைப் போர்வையால் சுற்றி, சைக்கிள் கரியரில் இருத்தி, உருட்டிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார்கள். பாண் கிடைத்தது. இதை அம்மா ஒருநாளும் அழுதுகொண்டு சொன்னதில்லை. தான் வென்ற கதையாகத்தான் சொல்வாள்.

ஆக, கூப்பன் என்றால் தலை. நாங்கள் நாலு தலை. ஒரு தலை குறைந்தால் ஒரு பங்கு குறையும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால் என் பங்கு போச்சு!

எங்களுக்கு முன்னால் வழக்கமாக ஒரு லெபனான்காரர் நிற்பார். அவருக்கு வீட்டில் எட்டுப் பேர். வந்து நிற்பது அவர் ஒருவர்தான். அம்மா அவரைப் பார்த்து இரக்கப்படுவாள். "பாவம் மனிசன், ஏழு தலை வீணாப் போகுது" என்பாள். அந்த மனிதர் இரண்டு கை நிறையப் பைகளோடும் தோளில் ஒரு மா மூட்டையோடும் வெளியே வருவார். அதையும் அம்மா பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். "அவைக்கு வேற சட்டம் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த மணியை உருட்டுவாள். கண்ணால் கண்டதை நம்பாத சனத்தை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? நான் அந்த வீட்டிலேயே வளர்ந்தேன்.

எங்கள் ஹைமில் மன்னாரிலிருந்து வந்த இளந்தாரி ஒருவர் இருந்தார். தனி ஆள். நான் அவரை மன்னார் மாமா என்பேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இஞ்ச ஒருத்தரும் தலை எண்ணுறேல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோவன்."

"தம்பி, நீர் தனி ஆள். உமக்கு இது விளங்காது."

"இதில விளங்க என்ன இருக்கு?"

"உமக்குப் பிள்ளை குட்டி பிறக்கட்டும், அப்ப வந்து கதையும்."

மன்னார் மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கார்த்திகையில் ஒருநாள் கடைக்காரியே கேட்டுவிட்டாள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் தடித்த மனுஷி. என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை? வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். எத்தனை பேர் என்று தாளிலேயே இருக்கிறதே" என்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

"அம்மா, ஒராள் வந்தால் காணுமாம். நாலு பேர் எண்டு கூப்பனிலயே எழுதியிருக்காம்."

"அப்பிடித்தான் சொல்லுவினம்."

"அவதானே அம்மா கடைக்காரி!"

"சொல்லுறது சுகம். நாளைக்கு மூண்டு தலைதான் வந்தது எண்டு வெட்டினால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? பள்ளிக்கூடம் நாளைக்கும் இருக்கும், பிள்ளை. சாமான் இருக்குமோ?"

அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் டொச் பாஷை விளங்கும். கடைக்காரி சொன்னது அவருக்கு விளங்கியது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஊரில் தபால் கந்தோரில் பத்துப் பேருக்கு மேலாளாக இருந்த மனிதர். "அம்மா சொல்லுறதைக் கேள் பிள்ளை" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பையைத் தூக்கினார். அவ்வளவுதான். அம்மாவோடு வாதாடி அந்த ஒரே அறைக்குள் பகலும் இரவும் இருக்க அவருக்குத் தெம்பில்லை என்று இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன பிரயோசனம்?

பள்ளிக்கூடம் ஏன் சும்மா இருந்தது என்று கேட்பீர்கள். விசா தீர்மானமாகாத பிள்ளைகளுக்கு எங்கள் மாநிலத்தில் அப்போது பள்ளிக்கூடம் கட்டாயமில்லை. வந்தால் இருக்கவிடுவார்கள், வராவிட்டால் தேடி வரமாட்டார்கள். வகுப்பாசிரியை நல்ல மனுஷி. பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கேக் செய்துகொண்டு வருவார். ஆனால் அது ஏன் செவ்வாய் என்று ஒருதரம், ஒரேயொரு தரம், அவர் கேட்டிருக்கலாம். எந்த வயிற்றுவலி கலண்டர் பார்த்து வரும்?

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை கணக்குச் சோதனை வந்தது. அன்றைக்கு வரிசையில் நின்றபடி அம்மாவிடம் "மூத்திரம் முட்டுது" என்றேன். பேக்கரிக்காரியிடம் கேட்டுப் போய்விட்டு வா என்றாள். நான் பேக்கரியைத் தாண்டி ஓடினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் விழுந்து எழும்பி, முழங்கால் தேய்ந்து, சோதனை தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துத்தான் வகுப்புக்குள் போனேன். வகுப்பாசிரியை தாளைத் தந்தார். முழுக்கச் செய்து முடித்தேன். வகுப்பில் அதிகப் புள்ளி எனக்குத்தான்.

பின்னேரம் ஹைமுக்குத் திரும்பி வந்தால் அம்மா கட்டிலில் இருக்கிறாள். மேசையில் பால் பைக்கற்றுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு கிழமையும் நாலு பைக்கற் எடுப்போம். அன்றைக்கு மூன்றுதான் இருந்தது.

"எண்ணு" என்றாள்.

"மூண்டு."

"எத்தினை தலை நிண்டது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த கிழமை கடைக்காரியிடம் கேட்டேன். பனியில் பால் லொறி வரவில்லை, எல்லாருக்கும்தான் குறைந்தது என்றாள். அதையும் தமிழில் சொன்னேன். "ஓமோம், லொறி" என்றாள் அம்மா. எந்த லொறி வந்து அந்தக் கணக்கை உடைக்கப் போகிறது? மூன்று தலை, மூன்று பால். மாதாவே நேரில் இறங்கி வந்து சொல்லியிருந்தாலும் அம்மா மசிந்திருக்கமாட்டாள். அதற்குப் பிறகு வரிசையில் என் கோட்டுத் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

தையில் இன்னொரு செவ்வாய். நாங்கள் கடைத்தெருப் பக்கமாக வரிசையின் வாலில் நின்றோம். தூரத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. என் வகுப்பு! நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து எங்களைத் தாண்டி வருகிறார்கள். பக்கத்து மேசைக்காரி வேறு யாருடைய கையையோ பிடித்திருந்தாள். நான் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். தம்பி சும்மா இருப்பானா? "அக்கான்ர டீச்சர்!" என்று கத்திக் கையைக் காட்டினான். வகுப்பாசிரியை திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த வெறும் பையைப் பார்த்தார். அம்மா சந்தோஷமாகத் தலையை ஆட்டி வணக்கம் சொன்னாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் "வயிற்றுவலி" என்று சொல்ல வாய் எழவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

மாசியில் கடிதம் வந்தது. பரிந்துரை பற்றிக் கதைக்கப் பெற்றோரை வரச்சொல்லி நாளும் நேரமும் குறித்த டெர்மின். அம்மா நல்ல சேலையைக் கட்டி அதன்மேல் கோட்டைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை வரிசையில் எடுத்த ஒரு பைக்கற் கோப்பியைப் பழைய பரிசுத் தாளில் சுற்றிக்கொண்டாள். தம்பிக்குச் சளி என்று அப்பா அவனோடு அறையில் இருந்துவிட்டார். மொழிபெயர்க்க நான். வேறு யார் இருக்கிறார்கள்?

சின்னப் பிள்ளைகளின் கதிரையில் அம்மா முழங்கால் இடிக்க இருந்தாள். வகுப்பாசிரியை கைகொடுத்துச் சிரித்தார். பிறகு மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுச் சொன்னார். "உங்கள் மகள் கெட்டிக்காரி. கணக்கில் வகுப்பில் முதலாவது. ஆனால் கிழமைக்கு ஒருநாள் வருவதில்லை. சுகமில்லை என்கிறாள். அன்றைக்குக் கடை வாசலில் நிற்பதை நானே கண்டேன். வீட்டில் படிப்புக்கு மதிப்பில்லாவிட்டால் கிம்னாசியத்தில் பிள்ளை தாக்குப்பிடிக்காது, நொந்துபோகும். ஹவுப்ட்சூலேதான் அவளுக்கு நல்லது என்று எழுதுகிறேன். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்."

முதல் இரண்டு வசனத்தையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். கெட்டிக்காரி என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்னவாம்? மிச்சத்தைச் சொல்லு பிள்ளை."

உங்களாலதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அம்மா அந்தக் கதிரையில் இருந்தபடியே அழுவாள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நல்ல சேலை, கோப்பிப் பைக்கற், எல்லாவற்றோடும் அழுவாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்காதீர்கள், நான் பத்து வயதுப் பிள்ளை.

"எங்கட ஹைமுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் இருக்காம். அது எனக்கு நல்லதாம்" என்றேன்.

"டீச்சர் சொன்னால் சரி" என்றாள் அம்மா. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். கோப்பியை மேசையில் வைத்தாள். வகுப்பாசிரியை வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட வைத்துவிட்டு வந்தாள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பரிந்துரையைத் திரும்ப யோசிப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். ஒரு பைக்கற் பாலுக்காக ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷி, தன் பிள்ளையின் பங்கை வெட்டுகிறார்கள் என்று விளங்கியிருந்தால் அந்த வகுப்பறையை விட்டு எழும்பியிருப்பாளா? நிலத்தில் சப்பாணி கட்டி இருந்திருப்பாள். பொலிஸ் வந்துதான் தூக்கியிருக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சண்டையைப் பிடிக்க நான்தான் இடம் கொடுக்கவில்லை.

அந்த வருடப் பங்குனியோடு கூப்பன் நின்று கையில் காசு தரத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ஹவுப்ட்சூலேயில் ஒருநாள்கூட நான் தவறவில்லை. பிறகு முதியோர் பராமரிப்பில் தொழிற்பயிற்சி, இப்போது ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வேலையைக் குறை சொல்லமாட்டேன், அது சோறு போட்டது. தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில் வரிசை இல்லை. அவன் மியூனிக்கில் இன்ஜினியர்.

அப்பா போய்விட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. போன வருடம் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுடைய மகளுக்குப் பத்து வயது. கிம்னாசியத்துக்குப் பரிந்துரைத்த கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து குசினி மேசையில் விரித்து எங்களுக்குக் காட்டினாள். அம்மா அவளைக் கட்டிக் கொஞ்சிவிட்டு என்னைக் காட்டினாள்.

"உன்ர மாமியும் கெட்டிக்காரிதான். அவவின்ர டீச்சர் என்ர முகத்துக்கு நேர சொன்னவ. படிச்சிருந்தால் டொக்டரா வந்திருப்பா. பஞ்சி. சரியான பஞ்சி பிடிச்சவள்."

இந்தச் சோம்பேறிப் பட்டத்தை நான் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலியாண வீட்டில், செத்த வீட்டில், பூசை முடிந்து தேவாலய வாசலில். அன்றைக்கு ஏனோ பொறுக்க முடியவில்லை. கையில் இருந்த துவாயை எறிந்துவிட்டுச் சொன்னேன். டீச்சர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், முப்பத்தெட்டு வருடம் பிந்தி, ஒழுங்காக மொழிபெயர்த்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைகளையும் சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதை" என்றாள் அம்மா. "நான் பக்கத்தில இருந்தனான். மனிசி சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவ. நீதானே எனக்குச் சொன்னனீ. அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?"

"அண்டைக்குச் சொன்னதுதான் அம்மா பொய்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய மகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அம்மா தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப, நீ கியூவுக்கு வராமல் விட்டிருந்தாலும் அந்தக் கடைக்காரி நாலு பேருக்கும் தந்திருப்பாளோ?"

இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. பதில் நாக்கு நுனியில் நின்றது. கடைக்காரி சொன்னது, லெபனான்காரரின் மா மூட்டை, பால் லொறி, எல்லாம் அடுக்காக வந்து நின்றன. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையைத் தடவிய விரல் நின்றுவிட்டது.

"இல்லை அம்மா" என்றேன். "தலை எண்ணித்தான் தந்தவை."

அம்மா மூச்சை விட்டாள். முதுகு நிமிர்ந்தது.

"பாத்தியோ, நான் அண்டைக்கே சொன்னனான்" என்றாள். "இந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற ஊத்து."

நான் எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டிருக்கும்.